ஸ்கேனரைக் கடைசியில் வாங்குங்கள்

எங்கள் கிடங்கில் பார்கோடு வைக்கலாம் என்று முடிவான மறுநாளே நான் நான்கு ஸ்கேனர் வாங்கிவிட்டேன். கையில் பிடித்து அழுத்தினால் சிவப்புக் கோடு விழுகிறது, 'பீப்' என்று சத்தம் வருகிறது. அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் லேபிள் அடிக்க ஒரு பிரிண்டர். அதற்கும் அப்புறம்தான் லேபிளில் என்ன எண் போடுவது என்ற யோசனையே வந்தது. அப்போதுதான் வேலையைத் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறோம் என்று புரிந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் வகை உதிரிபாகங்கள். ஒட்டிய லேபிள்களையெல்லாம் ஒரு வருடத்துக்குள் உரித்துவிட்டு மறுபடி ஒட்டினோம்.

அதற்குப் பிறகு ஒரு நூலகம், ஒரு துணிக் கிடங்கு, இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று எனச் சில இடங்களில் பார்கோடு வைக்கக் கூடமாட இருந்திருக்கிறேன். எல்லா இடத்திலும் முதலில் கேட்ட கேள்வி 'எந்த ஸ்கேனர் நல்லது?' என்பதுதான். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் எண், பிறகு கோட்டின் வகை, பிறகு லேபிள், அதை அடிக்கும் பிரிண்டர், எல்லாம் முடிந்தபின் ஸ்கேனர். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையது தீர்மானிக்கிறது. பின்னாலிருந்து ஆரம்பித்தால் வாங்கிவிட்ட பொருளுக்காக மற்றதை வளைக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கடையில் பார்க்கும் சாதாரணக் கோட்டுப் பார்கோடுக்குள் விலை இல்லை, பொருளின் பெயர் இல்லை, இருப்பும் இல்லை. வெறும் எண்தான். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் மார்ஷ் பல்பொருள் அங்காடியில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தார்கள். கடைப் பொருள்களுக்கான யூபிசி என்ற பார்கோடு வகை கல்லாவில் முதன்முதலில் படிக்கப்பட்டது அப்போதுதான். அன்றைக்கும் பாக்கெட்டின் மேல் இருந்தது எண்தான். விலை கணினியில் இருந்தது. இன்றுவரை அதேதான். ஆகவே கணினியில் உள்ள பொருள் பட்டியல் குழப்பமாக இருந்தால், பார்கோடு அந்தக் குழப்பத்தை வேகமாகக் கொண்டுவந்து தரும், அவ்வளவுதான்.

எண் யாருடையது?

முதல் கேள்வி: உங்கள் பொருள் உங்கள் கதவைத் தாண்டி வேறொருவர் கல்லாவில் ஸ்கேன் ஆகப்போகிறதா?

ஆம் என்றால், எண்ணை நீங்களாக உருவாக்க முடியாது. உலகம் முழுக்க ஒரே எண் இரண்டு பொருளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை ஜிஎஸ்1 என்ற அமைப்பு செய்கிறது. உங்கள் நாட்டில் அதன் உறுப்பு அமைப்பில் பதிவு செய்தால் உங்கள் நிறுவனத்துக்கு ஒரு முன்னொட்டு எண் கிடைக்கும். அதன் பின்னால் உங்கள் பொருள்களுக்கு எண் கொடுத்துக்கொள்ளலாம். பழைய எண்களைக் கைமாற்றி விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். அந்த முன்னொட்டு வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். பெரிய விற்பனையாளர் ஒருவர் சரிபார்க்கும் நாளில் உங்கள் பொருள் வேறு யாருடைய பெயரிலோ நிற்கும். இன்னொன்று: முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து 'இது இந்த நாட்டில் தயாரானது' என்று சொல்வார்கள். எண்ணை எந்த நாட்டு அமைப்பு வழங்கியது என்பதை மட்டும்தான் அது காட்டும். பொருள் எங்கே வேண்டுமானாலும் தயாராகியிருக்கலாம்.

கதவைத் தாண்டாது, கிடங்குக்குள்ளேயோ பட்டறைக்குள்ளேயோதான் சுற்றும் என்றால் எண் உங்கள் இஷ்டம். நான் தப்பு செய்தது இங்கேதான். எங்கள் பழைய உதிரிபாக எண்ணில் எல்லாவற்றையும் திணித்திருந்தேன். முதல் இரண்டு எழுத்து சப்ளையர், அடுத்த மூன்று அளவு, அதற்கடுத்து அலமாரி. பார்த்தவுடனே எல்லாம் தெரிகிறதே என்று பெருமை வேறு. நாலே மாதத்தில் ஒரு சப்ளையர் மாறினார். பொருள் அதேதான், எண் மட்டும் பொய் சொல்ல ஆரம்பித்தது. பிறகு அலமாரிகளை இடம் மாற்றினோம். அப்போது பாதி எண்கள் பொய்யாயின.

எண்ணுக்கு அர்த்தம் இருக்கவே கூடாது. 10001, 10002 என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கட்டும். சப்ளையர், அளவு, இடம் எல்லாம் கணினியில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். அங்கே மாற்றுவது ஒரு நிமிட வேலை, லேபிளை உரிக்க வேண்டியதில்லை. எல்லா எண்ணும் ஒரே நீளத்தில் இருப்பது நல்லது. பூஜ்யத்தில் ஆரம்பிக்க வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஒரு பொருள் நின்றுபோனாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். எங்கோ ஒரு மூலையில் பழைய லேபிளோடு ஒரு டப்பா மிச்சமிருக்கும். அது வெளியே வருகிற நாளில் கணக்கு சிக்கிக்கொள்ளும்.

எது தனிப் பொருள், எது ஒரே பொருளின் வேறு பொதி என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடியுங்கள். நீலச் சட்டையும் பச்சைச் சட்டையும் தனித்தனி எண். ஒரே சட்டையின் மூன்று அளவுகளும் மூன்று எண்கள். ஒற்றை போல்ட்டுக்கு ஓர் எண், நூறு போல்ட் உள்ள பெட்டிக்கு வேறு எண். பெட்டியை ஸ்கேன் செய்தால் நூறு குறைய வேண்டும் என்பது சாஃப்ட்வேருக்குத் தெரிய வேண்டும். எங்கள் கிடங்கில் பெட்டிக்கும் ஒற்றைக்கும் ஒரே எண் போட்டிருந்ததால், ஒரு வருடம் முழுக்க இருப்பில் போல்ட் குறைந்துகொண்டே இருந்தது. யாரோ எடுத்துப் போகிறார்கள் என்று ஆட்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். எடுத்தது யாருமில்லை, எண்ணியது தப்பு.

சாஃப்ட்வேரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எண் வாழும் இடம் அதுதான். நான் பார்ப்பது நாலைந்து விஷயம். ஒரே பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பார்கோடு ஏற்குமா? சப்ளையர் ஏற்கெனவே அச்சிட்ட கோடு இருந்தால் அதையே பயன்படுத்தலாம், உங்கள் லேபிள் மிச்சம். ஒரே எண்ணை இரண்டு பொருளுக்குக் கொடுக்கப் போனால் தடுக்குமா? தவறாக ஸ்கேன் செய்ததைத் திருப்ப முடியுமா, திருப்பியது யார் என்று பதிவாகுமா? இணைய இணைப்பு போனால் வேலை நிற்குமா? உங்கள் பட்டியல் முழுவதையும் நீங்கள் கேட்ட நேரத்தில் கோப்பாக வெளியே எடுத்துத் தருமா? கடைசிக் கேள்விக்கு விற்பவர் தயங்கினால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

பூஜ்யக் கதை இது. பட்டியலை விரிதாளில் வைத்திருப்பவர்கள் அநேகம். 00451 என்று உள்ளிட்டால் அது 451 ஆகிவிடும். பதின்மூன்று இலக்க எண்ணை உள்ளிட்டால் நடுவில் புள்ளியும் பின்னால் அடுக்கும் போட்டுச் சுருக்கிக் காட்டும். சேமித்து மறுபடி திறந்தால் கடைசி இலக்கங்கள் போயிருக்கவும் வாய்ப்புண்டு. எக்ஸல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிவிடும். சரக்கு அனுப்பும் பெட்டிகளுக்கான ஜிஎஸ்1 எண்ணுக்கு 18 இலக்கம் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பார்கோடு எண் இருக்கும் நெடுவரிசையை எண்ணாக வைக்காதீர்கள், முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதை வைத்து யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை.

எந்த வகைக் கோடு?

தமிழில் ஒரு வசதி, பார்கோடு என்றால் எங்கள் ஆட்களுக்குக் 'கோடு கோடாக இருப்பது' என்றே அர்த்தம். தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கோடுகளை அடுக்கப் பல இலக்கணங்கள் இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் ஓடாது.

கடைக் கல்லாவுக்குப் போகும் பொருளுக்கு ஈஏஎன்-13 அல்லது யூபிசி. இதில் தேர்வு ஒன்றுமில்லை, வழக்கமே அதுதான். முதலாவதில் 13 இலக்கம், இரண்டாவதில் 12. கடைசி இலக்கம் சோதனை இலக்கம். அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே சோதனை இலக்கம். 200000001047 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 28 வரும், ஆக சோதனை இலக்கம் 2. கையால் உள்ளிடும்போது ஓர் இலக்கம் மாறினால் இது கண்டிப்பாகப் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். 1-ம் 6-ம், 2-ம் 7-ம் மாதிரி ஐந்து வித்தியாசம் உள்ளவை இடம் மாறினால் மட்டும் தப்பித்துவிடும்.

எடை போட்டு விற்கும் பொருள்களுக்குக் கடையே கோடு அடித்துக்கொள்ள, 20 முதல் 29 வரை ஆரம்பிக்கும் ஈஏஎன் எண்களை உள்பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எடையையோ தொகையையோ பொதித்துக்கொள்ளலாம். விலை உள்ளே இல்லை என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. உங்கள் கதவுக்கு வெளியே இந்த எண்களுக்கு மதிப்பில்லை.

உள்வேலைக்கு நான் யோசிக்காமல் சொல்வது கோட் 128. இன்னமும் பல இடங்களில் கோட் 39 ஓடுகிறது. 1974-இல் வந்தது, எளிமையானது, எழுத்தும் எண்ணும் ஏற்கும். ஆனால் இடத்தைத் தின்னும். எட்டு இலக்க எண் ஒன்றை, மிக மெல்லிய கோடு கால் மில்லிமீட்டர் இருக்கும்படி அடித்தால், கோட் 128 சுமார் 20 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். அதன் எண் முறையில் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துப் பொதிவதுதான் காரணம். அதே எண்ணுக்குக் கோட் 39 கேட்பது 32 முதல் 40 மில்லிமீட்டர். சின்னச் சின்ன உதிரிபாகம் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. இன்னொன்று, கோட் 128-இல் சோதனைக் குறி கட்டாயம். கோட் 39-இல் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை.

அட்டைப்பெட்டியின் மேலேயே நேரடியாக அச்சிடுவதற்கு ஐடிஎஃப்-14 உண்டு. தடித்த கோடுகள், சுற்றிலும் கறுப்புச் சட்டம். சொரசொரப்பான அட்டைக்கு அதுதான் தாங்கும். தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் கோட்டுக்குள்ளேயே வேண்டும் என்றால் ஜிஎஸ்1-128. அதில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஓர் அடையாள எண் வரும்: 01 என்றால் பொருள் எண், 10 என்றால் தொகுதி, 17 என்றால் காலாவதி. உங்கள் சாஃப்ட்வேருக்கு இதைப் பிரித்துப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். தெரியாவிட்டால் முழுச் சரமும் ஒரே எண்ணாகக் கட்டத்தில் போய் விழும்.

அப்புறம் கட்டம் கட்டமாக இருப்பவை. க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானது. வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்கத்தான் முதலில் செய்தார்கள், ஆகவே எங்கள் தொழிலுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் கைப்பேசியில் படிக்க வேண்டும் என்றால் க்யூஆர். விரல் நகம் அளவு இடத்தில் ஒட்ட வேண்டும், உலோகத்தில் செதுக்க வேண்டும் என்றால் டேட்டா மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு கட்டக் கோடு. இரண்டுமே கொஞ்சம் கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்கும். க்யூஆரில் பிழை தாங்கும் அளவை நான்கு படிகளில் வைக்கலாம். ஏறக்குறைய 7 சதவீதம் சேதம் தாங்குவதில் ஆரம்பித்து 30 சதவீதம் வரை போகும். படி உயர உயரக் கட்டங்கள் கூடும். க்யூஆரில் இடம் இருக்கிறதே என்று விலாசம், விவரம், விலை எல்லாம் திணிக்காதீர்கள். மறுபடியும் அதே வியாதிதான். எண்ணை மட்டும் போடுங்கள், கோடு சின்னதாக வரும், வேகமாகப் படிக்கும்.

கடைக் கல்லாக்கள் 2027 முடிவுக்குள் இந்தக் கட்டக் கோடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. அதற்காகப் பழைய கோடுகளை நாளைக்கே அழித்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக ஸ்கேனர் வாங்குபவர் இதை மனதில் வைத்தால் போதும்.

லேபிளும் பிரிண்டரும்

நான் அதிகம் பட்டது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

லேபிளை எதன் மேல் ஒட்டுகிறீர்கள், எவ்வளவு நாள் இருக்க வேண்டும், அதன் மேல் எது படும்? மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு லேபிள் விற்பவரிடம் போங்கள். லேபிள் பிரிண்டரில் இரண்டு வழி உண்டு. ஒன்றில் சூடுபட்டால் கறுக்கும் காகிதம், மை கிடையாது. இன்னொன்றில் சாதாரண லேபிளின் மேல் ரிப்பனிலிருந்து மை உருகி ஒட்டும். முதல் வழியில் செலவும் தொல்லையும் குறைவு. அனுப்பும் பெட்டியின் முகவரி லேபிள் மாதிரி சில வாரத்தில் வேலை முடியும் இடத்துக்கு அதுவே போதும். நான் அதை அலமாரியில் வருடக்கணக்கில் இருக்கும் பொருளுக்கு வாங்கினேன். ஜன்னலோரம் இருந்த வரிசை முதலில் வெளுத்தது. இயந்திரச் சூடு படும் வரிசை மொத்தமாகக் கறுத்தது. நடுவில் இருந்தவை தப்பித்தன என்று நினைத்தால், எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு அவையும் மங்கின. கையில் இருக்கும் லேபிள் எந்த வகை என்று தெரியாவிட்டால் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டுக் காகிதம்.

இரண்டாம் முறை ரிப்பன் வழிக்கு மாறினோம். ரிப்பனிலும் மெழுகு, மெழுகும் பிசினும் கலந்தது, வெறும் பிசின் என்று மூன்று தரம். காகித லேபிளுக்கு மெழுகு போதும். கை படும், உரசும் இடத்துக்குக் கலவை. எண்ணெய், கரைப்பான், வெயில் என்றால் பிசின், அதுவும் பிளாஸ்டிக் லேபிளோடு சேர்த்துத்தான். காகித லேபிளுக்குப் பிசின் ரிப்பன் வாங்குவது வீண். ரிப்பனின் அகலம் லேபிளைவிடக் கொஞ்சம் கூட இருக்கட்டும், இல்லாவிட்டால் பிரிண்டரின் அச்சிடும் தலை ஓரத்தில் நேரடியாக லேபிளில் உரசித் தேயும். மை உள்பக்கமா வெளிப்பக்கமா என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். நான் ஒரு பெட்டி நிறையத் தப்பான பக்கம் வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்தது நுணுக்கம். சாதாரண லேபிள் பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு எட்டு. ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். பாதிப் புள்ளி அடிக்க அதற்கு முடியாது. ஈஏஎன்-13 கோட்டின் இயல்பான மெல்லிய கோடு 0.33 மில்லிமீட்டர், மொத்த அகலம் ஓர வெள்ளையோடு 37.29 மில்லிமீட்டர். 80 சதவீதம் வரை சுருக்கலாம். இந்தப் பிரிண்டரில் இரண்டு புள்ளி போட்டால் 0.25, அது 80 சதவீதத்துக்கும் கீழே. மூன்று புள்ளி போட்டால் 0.375, இயல்பைவிடப் பெரியது. நடுவில் எதுவும் கிடையாது. கோட்டைப் படமாக வைத்து மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கினால், சில கோடு இரண்டு புள்ளி, சில மூன்று புள்ளி என்று பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஸ்கேனர் திணறும். ஆகவே லேபிள் சாஃப்ட்வேரில் கோட்டின் அளவைப் புள்ளிக் கணக்கில் தேர்ந்தெடுங்கள், படமாக ஒட்டவே ஒட்டாதீர்கள். சின்ன லேபிள்தான் வேண்டும் என்றால் 300 புள்ளிப் பிரிண்டர் வாங்குங்கள். அதில் நான்கு புள்ளி ஏறக்குறைய 0.34 வரும், இயல்பான அளவுக்குச் சரியாகப் பொருந்தும்.

இருபுறமும் வெற்றிடம் விட வேண்டும் என்பதை டிசைன் செய்பவர்கள் மதிப்பதே இல்லை. கோட் 128-க்கு மெல்லிய கோட்டின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு ஒவ்வொரு பக்கமும் வேண்டும். ஈஏஎன்-13-க்கு இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஏழு. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று ஸ்கேனர் கண்டுபிடிப்பது அந்த வெள்ளையை வைத்துத்தான். லோகோவைக் கொஞ்சம் நகர்த்தினால் தீர்ந்துபோகும் பிரச்சினைக்கு ஸ்கேனரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறமும் அப்படித்தான். பெரும்பாலான ஸ்கேனரின் வெளிச்சம் சிவப்பு. சிவப்பு மை அதற்கு வெள்ளையாகத் தெரியும். வெள்ளையில் சிவப்புக் கோடு அடித்தால் வெறும் தாளைக் காட்டியது போல. சிவப்பு அட்டையில் கறுப்புக் கோடோ நன்றாகப் படிக்கும். பளபளக்கும் உலோகத் தாள், ஒளி ஊடுருவும் பை இரண்டையும் தவிர்க்க முடியாவிட்டால் கீழே ஒரு வெள்ளைப் பட்டை அடித்து அதன்மேல் கோடு போடுங்கள். ஒல்லியான குழாய், பாட்டில் போன்றவற்றில் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி ஒட்டுங்கள். வேலி மாதிரி நிறுத்தினால் இரு ஓரமும் வளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஒரு நாளைக்குப் பத்து இருபது லேபிள்தான் என்றால் தனிப் பிரிண்டரே வேண்டாம். அலுவலக லேசர் பிரிண்டரில் லேபிள் தாள் வைத்து அடித்துக்கொள்ளலாம். பாதி உரித்த தாளை மட்டும் திரும்ப உள்ளே விடாதீர்கள். மிச்ச லேபிள் உள்ளே உருளையில் ஒட்டிக்கொண்டு, அதைச் சுரண்டி எடுத்த மதியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

லேபிள் பிரிண்டர் வாங்கினால் ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தலையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தலையில் ஒரு புள்ளி செத்துப்போனால் லேபிள் நெடுக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வரும். அது பார்கோடின் ஒரு கோட்டின் மேலேயே விழுந்தால் அந்தக் கோடு மெலிந்து, மொத்தமும் படிக்காது. புதுத் தலை வரும்வரை கோட்டைத் தொண்ணூறு பாகை திருப்பி அடியுங்கள். வெள்ளைக் கோடு எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிப் போகும், ஸ்கேனர் அதைப் பொருட்படுத்தாது.

இனி ஸ்கேனர்

இவ்வளவும் தீர்மானமான பிறகு ஸ்கேனர் தேர்வு சிரமமே இல்லை. லேசர் வகை கோடுகளை மட்டும்தான் படிக்கும். கைப்பேசித் திரையில் காட்டும் கோட்டிலும் திணறும். படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வகையில் கட்டக் கோடும் படிப்பவை உண்டு, திரையிலிருந்தும் படிக்கும். இன்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன், உங்களிடம் இப்போது கட்டக் கோடு ஒன்றுகூட இல்லாவிட்டாலும். உயரமான அடுக்குகளில் கீழே நின்றபடியே படிக்க வேண்டும் என்றால் தூரம் படிக்கும் தனி வகை இருக்கிறது. அதை வாங்கிக் கல்லாவில் வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பதைப் படிக்கத் தடுமாறும்.

கல்லாவில் பொருளை இரண்டு கையாலும் எடுக்க வேண்டியிருந்தால் மேசையில் நிற்கும் வகை. பெரிய கனமான பொருள்களுக்கு ஆள்தான் ஸ்கேனரைக் கொண்டுபோக வேண்டும், அங்கே வயர் இல்லாதது. வயர் இல்லாதவை இரண்டு மூன்று ஒரே இடத்தில் இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய மேசையின் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். துணிக் கிடங்கில் இரண்டு ஸ்கேனர் இடம் மாறி, ஒருவர் எடுத்த சரக்கெல்லாம் பக்கத்து மேசையின் பில்லில் ஏறியது. இருப்பு எடுக்க நடந்துகொண்டே இருப்பவருக்குத் திரையோடு வரும் கைக்கணினி. இரைச்சலான பட்டறையில் 'பீப்' கேட்காது, அதிரும் வகை இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசிக் கேமராவிலும் ஸ்கேன் செய்யலாம், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வரை சரி. அதற்கு மேல் போனால் ஆட்களுக்குக் கை ஓய்ந்துவிடும், குறி வைத்து நிற்கும் நேரமும் எரிச்சல் தரும்.

ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் படிக்கும் சில்லு, போடலாமா என்று கேட்பார்கள். ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஐம்பது சட்டையைத் திறக்காமலே எண்ணும், அது அருமைதான். ஆனால் உலோகமும் திரவமும் அந்த அலைகளைக் கெடுக்கும். முழுக்க இரும்புச் சாமான் வைத்திருக்கும் எங்கள் மாதிரி ஆட்களுக்கு அவசரமில்லை.

வாங்கும் முன் விற்பவர் காட்டும் மாதிரி லேபிளை நம்பாதீர்கள். அது எந்த ஸ்கேனரிலும் படிக்கும். உங்கள் சரக்கில் மோசமான இருபது முப்பதைப் பொறுக்குங்கள்: எண்ணெய் படிந்தது, வளைந்தது, பளபளப்பது, மிகச் சின்னது. நீங்கள் வாங்கப்போகும் லேபிளையும் ரிப்பனையும் மாதிரிக்குக் கேட்டு வாங்கி, அவற்றில் ஒட்டி, இரண்டு வாரம் வேலை நடக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். பிறகு ஸ்கேனரை இரவல் வாங்கி நூறு தடவை படியுங்கள், உங்கள் கையால் வேண்டாம், தினமும் அதைப் பிடிக்கப்போகிறவர் கையால். முதல் அழுத்தலிலேயே எத்தனை படித்தது என்று எழுதுங்கள். நூற்றுக்கு மூன்று நாலு தவறினாலும் நான் லேபிளுக்குத் திரும்பிப் போவேன். ஒரு தடவை படிக்காவிட்டால் இன்னொரு தடவை அழுத்துவார்கள், மூன்றாம் தடவை எண்ணைக் கையால் உள்ளிட ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அதுவே பழக்கமாகிவிடும். அதனால்தான் கோட்டுக்குக் கீழே மனிதர் படிக்கும் எண்ணும் கண்டிப்பாக வேண்டும், நன்றாகத் தெரியும் அளவில்.

பெரும்பாலான ஸ்கேனர்களைக் கணினி ஒரு விசைப்பலகை என்றே நினைத்துக்கொள்ளும். யூஎஸ்பியில் செருகினால் போதும், படித்த எண்ணைத் தானே விரலால் அடித்த மாதிரி உள்ளிட்டு, கடைசியில் எண்டர் தட்டும். வசதிதான், ஆனால் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் விழும். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக் கடிதம் ஒன்று எழுதியவர் அதை அப்படியே விட்டுப் போய்விட்டார். அதன்பின் அலமாரி லேபிள்களை ஸ்கேன் செய்தால் எண்கள் சரியாக வந்தன, எழுத்துகள் எல்லாம் தமிழில் விழுந்தன. ஸ்கேனருக்குத் தமிழ் வந்துவிட்டது என்று ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. காரணம் புரிய எனக்கு அரை மணி நேரம் ஆனது. உள்பயன்பாட்டுக் கோடுகளில் எண் மட்டும் போதும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆரம்பிக்கும்போது ஒரு வரிசை அலமாரியோடு ஆரம்பியுங்கள். அந்த வரிசையில் ஒரு மாதம் ஸ்கேனர் கணக்கும் கையால் எண்ணிய கணக்கும் ஒத்துப்போன பிறகு அடுத்த வரிசை. லேபிள் ஒட்டும் நாளிலேயே இருப்பும் எண்ண ஆசை வரும், வேண்டாம். தப்பு லேபிளில் இருக்கிறதா எண்ணிக்கையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னும் ஒன்று. ஸ்கேனரின் அமைப்புகளையெல்லாம் கூட வரும் கையேட்டில் உள்ள பார்கோடுகளைப் படித்துத்தான் மாற்றுவது. யாராவது விளையாட்டாக அதில் ஒன்றைப் படித்துவிட்டால் ஸ்கேனர் எண்டர் தட்டுவதை நிறுத்திவிடும், அல்லது ஒரு வகைக் கோட்டையே படிக்காது. தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் கோடு இருக்கும் பக்கத்தையும், எண்டரைச் சேர்க்கும் கோடு இருக்கும் பக்கத்தையும் நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மேசை இழுப்பறையில் வையுங்கள். கையேட்டைப் பூட்டி வையுங்கள். கூடவே ஒரு உபரி கேபிளும். என் அனுபவத்தில் ஸ்கேனரில் முதலில் போவது கேபிள்தான், கைப்பிடிக்குள் நுழையும் அந்த வளைவில்.